நிறுத்தச் சொன்னால் நிற்போம்

(ரமலானை முன்னிட்டு நம் மஹல்லாவில் இஷா தொழுகைக்குப் பின் நடந்த குடும்பக் கூட்டத்தில், அறக்கட்டளை நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)





ரமலானுக்கு முன் நடக்கும் கூட்டத்தில் வழக்கமாக ஜகாத் கணக்கு, நோன்புக் கஞ்சிக்கு அரிசி, ஏழை வீடுகளுக்குப் பெருநாள் துணி இவற்றைத்தான் பேசுவோம். இந்த முறை பைக்கைப் பற்றியும் போலீஸைப் பற்றியும் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். அறக்கட்டளைக்கு இது தேவையா என்று ஒரு பெரியவர் நேரிலேயே கேட்டார். தேவைதான் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். முதலாவது எங்களைப் பற்றியது. மற்றவரைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுவதுதான் முறை.

சென்ற வருடம் நம் அறக்கட்டளை வேனில் நிர்வாகிகள் நான்கு பேர், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு நோயாளியைப் பார்க்கப் புறப்பட்டோம். வழியில் ஒரு ஊர் எல்லையில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். டிரைவர் தம்பி லைசென்ஸைக் காட்டினார், ஆர்.சி.யைக் காட்டினார். இன்சூரன்ஸைப் பார்த்த காவலர், "பாய், இது முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சே" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புதுப்பிக்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று எங்களுக்குள் பிரித்துக்கொள்ளவே இல்லை.

"எழுதினா ரெண்டாயிரம்" என்றார் அவர்.

"பார்த்து முடிச்சுக்கலாமே சார்" என்ற பதில் எங்கள் வேனுக்குள்ளிருந்துதான் போனது. நம்மில் மூத்தவர் ஒருவர் சொன்னார். மற்ற மூவரும் பேசாமல் இருந்தோம். ஐநூறு ரூபாய் கை மாறியது. ரசீது இல்லை. ஆயிரத்து ஐநூறு மிச்சம் என்று ஒருவர் சொல்ல, சிரித்துக்கொண்டே மதுரை போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் கணக்கு எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. பொருளாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதை எந்தத் தலைப்புல எழுதுறது?" என்று கேட்டார். டீசல் என்று எழுதச் சொன்னார் ஒருவர். "போடாத டீசலை நான் எழுத மாட்டேன்" என்றார் பொருளாளர். அப்படியானால் இதரச் செலவு என்று எழுதுங்கள் என்றார் இன்னொருவர். பொருளாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இது யாரோ ஒரு அம்மா பீடி சுத்தின காசுல எடுத்து உண்டியல்ல போட்டது. அந்த அம்மா வந்து கேட்டா, நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

நாங்கள் நால்வரும் ஆளுக்கு நூற்று இருபத்தைந்து ரூபாய் சொந்தப் பையிலிருந்து எடுத்து வைத்தோம். அன்றே இன்சூரன்ஸைப் புதுப்பித்தோம். காவலர் வாங்கியது தவறு. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் முதலில் பேச்செடுத்தது நாங்கள். லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் பாவம் என்று மதரஸாவில் படிக்கும் நம் பிள்ளைக்கே தெரியும். நாட்டின் சட்டமும் அதையேதான் சொல்கிறது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பதையும் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றமாக்கினார்கள். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்கு விலக்கு உண்டு. எங்களை யாரும் வற்புறுத்தவில்லை.

அந்தப் பதினோரு நாளில் வேன் யார் மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் யோசித்தோம். அதற்கான பதில் இரண்டாவது சம்பவத்தில் இருக்கிறது.

இது நம் மஹல்லாவில் நடந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் அத்தா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன், ரமலானில் ஓர் இரவு. தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வந்த பையன், அத்தா தூங்கியதும் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வயது பதினாறு. கூட்டாளிகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பைபாஸ் டீக்கடைக்குப் போயிருக்கிறான். மூவர் தலையிலும் தொப்பிதான் இருந்தது, ஹெல்மெட் இல்லை.

மேம்பாலம் இறங்கும் இடத்தில் தடுப்பு வைத்துப் போலீஸார் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் ஜீப்பின் விளக்கைப் பார்த்ததும் பையன் வண்டியின் விளக்கை அணைத்துவிட்டு, வந்த பாதையிலேயே எதிர்த் திசையில் திருப்பிவிட்டான். போலீஸார் துரத்தவில்லை. அவன் திருப்பியதை அவர்கள் பார்த்தார்களா என்பதுகூடத் தெரியாது. இருட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் மேல் வண்டி மோதியது. பக்கத்து கிராமத்துக்காரர். ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

பெரியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த பிள்ளைகள் இருவரும் சிராய்ப்போடு தப்பினார்கள். ஓட்டிய பிள்ளைக்குத் தலையில் அடி. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். உயிர் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இன்றும் பேச்சு தெளிவாக வரவில்லை. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

பெரியவர் குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. அது அவர்கள் உரிமை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை. இழப்பீட்டுத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி பெரியவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. உரிமையாளர் என்றால் அத்தாதான். ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய அவர், அந்த ஆட்டோவையே விற்றார். இதுபோகச் சிறுவனுக்கு வண்டி கிடைக்க விட்டதற்காக அவர் மேல் தனி வழக்கு.

இந்த உரையைத் தயார் செய்யும்போது அவரிடம் போய், "ஜமாஅத்தாருக்கு நீங்க என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க பாய்?" என்று கேட்டோம். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பயலுக்கு நினைவு திரும்பினதும் ஏண்டா திருப்புனேன்னு கேட்டேன். போலீஸு உங்களுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிருவாங்கன்னு பயந்துட்டேன் அத்தான்னு சொன்னான். அவன் போலீஸுக்குப் பயப்படலை. எனக்குத்தான் பயந்திருக்கான்."

பெற்றோர்களே, இன்று நாங்கள் சொல்ல வந்தது இதுதான். அன்று அவன் நின்றிருந்தால் வண்டி ஸ்டேஷனுக்குப் போயிருக்கும். அத்தாவைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார்கள். அபராதமும் வழக்கும் வந்திருக்கும். வீட்டில் நாலு வசவு விழுந்திருக்கும். ஆனால் பெரியவரின் கால் முறிந்திருக்காது; அந்தப் பிள்ளை இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருப்பான்.

ஆகவே இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையை உட்கார வைத்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். "தப்பே செய்திருந்தாலும், போலீஸ் கை காட்டினா நின்னுடு. நின்னுட்டு எனக்கு ஃபோன் பண்ணு. நான் வர்றேன். அங்கே வெச்சு உன்னைத் திட்ட மாட்டேன்." இதைச் சொன்னால் பிள்ளைக்குத் துளிர்விட்டுப் போகும் என்று சிலர் நினைக்கலாம். சாவியைக் கொடுக்காமல் இருப்பது ஒரு கண்டிப்பு. பிள்ளை ஓடாமல் நிற்பதற்கு ஒரு வழி வைத்திருப்பது வேறு விஷயம். இரண்டும் வேண்டும்.

சாவி விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கியர் வண்டிக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். நம் தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டிகளும் 50 சிசிக்கு மேற்பட்டவை. அவற்றுக்கும் அதே வயதுதான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்த ஊர் நம் ஊர். அந்தக் கடைசி வரி எத்தனை வீட்டின் பிழைப்பைத் தொடுகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தம்பிமார்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறைக்கு வருகிறோம். "தாடியையும் தொப்பியையும் பார்த்துத்தான் நம்மளை நிறுத்துறாங்க." இதை நாங்கள் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. அப்படிப் பார்ப்பவர் எங்காவது இருக்கலாம். மரியாதையில்லாமல் பேசுபவரும் இருக்கலாம். ஆனால் இந்தப் புகாரோடு அலுவலகத்துக்கு வந்த தம்பிகளிடம் ஒரு கேள்வி கேட்டோம். "அன்னைக்கு ஹெல்மெட் போட்டிருந்தியா?" பெரும்பாலானவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஹெல்மெட் போட்டு, கையில் காகிதம் சரியாக வைத்திருப்பவனை ஒருவர் வேண்டுமென்றே நிறுத்தி அவமதித்தால், அவனுக்காக நாங்கள் எந்த அதிகாரி முன்னாலும் போய் நிற்கலாம். மூன்று பேராக ஹெல்மெட் இல்லாமல் போனவனுக்காக என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது?

ஹெல்மெட் விதியில் தலைப்பாகை அணியும் சீக்கிய சகோதரர்களுக்கு விலக்கு இருக்கிறது. நம் தொப்பிக்கும் முக்காட்டுக்கும் விலக்கு இல்லை. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். "பர்தா மேல எப்படிப் போடுறது?" என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். உள்ளே மெல்லிய துணியாகச் சுற்றி, ஒரு அளவு பெரிய ஹெல்மெட்டாக, தாடைப்பட்டை இறுக்கமாக நிற்கும்படி வாங்கினால் போட முடியும். நம் வீட்டுப் பெண்கள் சிலர் போட்டுப் பழகிவிட்டார்கள். அதோடு, பர்தாவின் கீழ்ப்பகுதியையும் துப்பட்டா முனையையும் மடியில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் ஆளையே இழுத்துக் கீழே போட்டுவிடும். வண்டியில் சேலைத் தடுப்பு இருக்கிறதா என்று ஆண்கள் பாருங்கள். அழகாக இல்லை என்று அதைக் கழற்றிப் போடாதீர்கள்.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி, 2022இல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான், 64,105 விபத்துகள். நம் மாநிலத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் நாடு முழுவதும் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். காவலர் கேட்காவிட்டாலும் நாம் ஹெல்மெட் போட வேண்டியதற்கு இந்த எண்ணிக்கை போதும்.

சரி, நிறுத்துகிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

இடது ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். சலாம் சொல்லிப் பழகிய நாவுக்கு "வணக்கம் சார்" சொல்வது சிரமமில்லை. சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டுவது சட்டப்படி நம் கடமை. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும். 2018 நவம்பரில் விதியைத் திருத்தி, அவற்றையும் அசலுக்குச் சமமாக ஏற்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் செல்போனில் சாதாரணமாகப் படம் பிடித்து வைத்திருப்பது அந்தக் கணக்கில் சேராது.

தவறு நம் மேல் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். "யாரு தெரியுமா நான்?" என்று ஆரம்பிக்காதீர்கள். கவுன்சிலருக்கும் ஜமாஅத் தலைவருக்கும் ஃபோன் போடாதீர்கள். ஹெல்மெட் போடாதவனுக்காகச் சிபாரிசு செய்வதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது; எங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். 2022 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் புதிய அபராதத் தொகைகள் நடப்பில் இருக்கின்றன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000, மூன்று பேர் போனால் 1,000, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. நாள் முழுக்கக் கறிக்கடையில் நின்று சம்பாதிப்பவருக்கு இவை பெரிய தொகைகள்தான். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறோம்.

எப்படிக் கட்டினாலும் ரசீது அல்லது சலான் கேட்டு வாங்குங்கள். லைசென்ஸை எடுத்துக்கொண்டால் அதற்கும் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் தவறு செய்யவில்லை என்று உறுதியாக இருந்தால், அங்கேயே பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம். நடுரோட்டில் குரலை உயர்த்தி வழக்கில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

காவலர் கெட்ட வார்த்தை பேசினால், கை நீட்டினால் என்ன செய்வது? அந்த இடத்தில் பதிலுக்குப் பதில் வேண்டாம். பெயர்ப் பட்டையில் உள்ள பெயர், இடம், நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் எழுதிவையுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையம் 1100இல் சொல்லலாம். மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். அடுத்தவர் வீட்டுப் பிள்ளை பட்ட அவமானம் தானே என்று இருந்துவிட மாட்டோம்.

2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியைத் துரத்திச் சென்ற அதிகாரி, அவர்கள் வண்டியை எட்டி உதைத்ததாக வழக்கு. கீழே விழுந்த அந்தப் பெண் இறந்துபோனார். அதிகாரி கைது செய்யப்பட்டார். ஹெல்மெட் போடாத குற்றத்துக்கு உயிர் தண்டனை அல்ல. அப்படித் துரத்துவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கைது நடந்த பிறகும் அந்த வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நியாயம் நம் பக்கம் இருந்தாலும் உயிர் நம் கையில் இல்லை. அதனால்தான் நிற்கச் சொல்கிறோம்.

நல்ல காவலர்களையும் சொல்லாவிட்டால் நாங்கள் அநியாயம் செய்தவர்களாவோம். நம் ஊர் ஜனாஸா போகும்போதெல்லாம் கடைவீதி முனையில் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அமைதியாக நிற்கும் அந்தக் காவலரை எல்லோருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் எட்டு மணி நேரம் நிற்பவரும் ஒரு வீட்டின் அத்தாதான்.

தாய்மார்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்து, கூடவே ஏ.பி.கே. என்று முடியும் ஒரு கோப்பும் வந்தால் அதைத் தொடாதீர்கள். அது மோசடி. திறந்தால் பேங்க் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். அபராதம் உண்மையா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு ஃபோன் செய்யுங்கள்.

இனி, அறக்கட்டளை சார்பில் நாங்கள் செய்யப் போவது. ரமலான் பிறை தெரிவதற்குள் வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், அஸருக்குப் பின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்போம். உங்கள் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் கொண்டு வாருங்கள். எது எப்போது முடிகிறது என்று பார்த்து, உங்கள் ஃபோனில் டிஜிலாக்கரையும் நம் தம்பிகள் போட்டுத் தருவார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டுகளை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தருகிறோம். பெண்களுக்கான அளவும் இருக்கும். நம் வேனின் இன்சூரன்ஸ் முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வந்து பாருங்கள், நாங்கள் மறந்தால் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பிள்ளையின் அத்தா இன்னொரு சேதியும் சொன்னார். ஒவ்வொரு பெருநாளும் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு பக்கத்து கிராமத்துக்குப் போய், அந்த வாட்ச்மேன் பெரியவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறார். முதல் வருடம் பெரியவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வருடம் பிள்ளையின் தலையைத் தடவி, "ராத்திரில வண்டி எடுக்காதே தம்பி" என்றாராம்.

அவர் சொன்னதையே நாங்களும் சொல்லி முடிக்கிறோம். தராவீஹ் முடிந்தால் வீட்டுக்கு வாருங்கள் தம்பிகளே. பெற்றோர்களே, தூங்கப் போகும்முன் சாவியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வையுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளையும், சாலையில் நம் எதிரே வருகிற எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.